பீட்டில்ஸ் குழுவை உயர்த்தியவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் வளர்ச்சிக்குத் துணை நின்றும் அதிகம் பேசப்படாமல் போனவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (வாசகர், திருச்சி): மேலாளர் ப்ரையன் எப்ஸ்டீனும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இல்லையென்றால் பீட்டில்ஸ் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது என்று பலர் எழுதுகிறார்கள். அவ்விருவருக்கும் முன்பு அந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்தவர் எவரும் இல்லையா?

பதில்: எப்ஸ்டீன் அவர்களை முதன்முதலாக மேடையில் பார்த்தது 1961 நவம்பர் 9 அன்று. அதற்குள் அவர்கள் ஜெர்மனிக்கு இரண்டு முறை போய்த் திரும்பியிருந்தார்கள். சொந்த ஊரான லிவர்பூலில் அவர்களுக்கென்று ஒரு கூட்டமும் சேர்ந்திருந்தது. அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தவர்களில் முதலிடத்தை மோனா பெஸ்ட் என்ற பெண்மணிக்குத் தருவதே நியாயம் என்பது என் கருத்து.

மோனா 1924-ஆம் ஆண்டு டெல்லியில் பிறந்தவர். லிவர்பூலைச் சேர்ந்த ராணுவ அதிகாரி ஜான் பெஸ்டை இந்தியாவிலேயே மணந்துகொண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இன் இறுதியில் பிள்ளைகளோடு கப்பலேறி, அதுவரை பார்த்திராத லிவர்பூலில் போய் இறங்கினார். 1954-ஆம் ஆண்டு டெர்பி குதிரைப் பந்தயத்தில், தம் நகைகளை அடகு வைத்து, ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்ற விகிதத்தில் ஓடிய ‘நெவர் சே டை’ என்ற குதிரையின்மேல் பணம் கட்டினார் என்றும், அது வென்று கொடுத்த தொகைதான் பின்னாளில் ஹேமன்ஸ் கிரீன் தெருவில் பதினைந்து அறைகள் கொண்ட பெரிய வீட்டை வாங்க உதவியது என்றும் அவருடைய குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். லண்டனின் சோஹோ பகுதியில் இளைஞர்கள் கூடிப் பாடும் காபிக் கடை ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த மோனா, தம் வீட்டு நிலவறையையும் அப்படி மாற்றலாம் என்று முடிவு செய்தார். அதுதான் காஸ்பா காபி கிளப்.

திறப்பு விழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்த குழு உட்பூசலால் கலைந்துபோகவே, அதில் வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹாரிசனும் கென் பிரவுனும் ஜான் லெனனையும் பால் மெக்கார்ட்னியையும் அழைத்து வந்தார்கள். பின்னாளில் பீட்டில்ஸ் ஆன அவர்கள் குழுவின் பெயர் அப்போது குவாரிமென். மோனா அவர்களைக் கச்சேரிக்கு அமர்த்திக்கொண்டதோடு, கையில் தூரிகையையும் கொடுத்துவிட்டார். சுவர்களுக்கும் கூரைக்கும் வண்ணம் பூசும் வேலை இன்னும் முடியாமல் இருந்தது. பால் ஒரு கூரையில் வானவில்லைப் போலப் பட்டைகள் தீட்டினார். கிட்டப்பார்வையால் தடுமாறிய லெனன், சீக்கிரம் உலரும் பெயிண்ட் என்று நினைத்து, நாள்கணக்கில் உலராத பளபளப்புப் பெயிண்டைப் பூசிவிட்டார். அந்தக் கூரைகள் இன்றும் இருக்கின்றன. 2006-இல் அந்த நிலவறைக்குப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதியும் கிடைத்தது.

1959 ஆகஸ்ட் 29 அன்று காஸ்பா திறக்கப்பட்டது. நால்வருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு மூன்று பவுன், அதாவது தலைக்குப் பதினைந்து ஷில்லிங் கூலி. சில வாரங்களில் ஒரு தகராறு வந்தது. ஒரு நாள் கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை. அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் மோனா அவருக்கு உரிய பதினைந்து ஷில்லிங்கைக் கொடுத்தார். வாசிக்காதவனுக்கு எதற்குக் கூலி, அந்தப் பணத்தை எங்கள் மூவருக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று மற்றவர்கள் கேட்க, மோனா அசையவில்லை. மூவரும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். இந்தச் சின்ன நிகழ்ச்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உடம்புக்கு முடியாத ஒரு பையனின் கூலியில் கைவைக்க மறுத்த அதே மோனாதான், பதினான்கு மாதங்கள் கழித்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து கையில் காசில்லாமல் அவர்கள் திரும்பி வந்தபோது, பழைய மனத்தாங்கலைக் காட்டாமல் மீண்டும் காஸ்பாவில் மேடை கொடுத்தார். வேறு அரங்குகளில் தாமே நடன நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து அவர்களை வாசிக்க வைத்தார். கேவர்ன் அரங்கின் உரிமையாளரிடம் அவர்களுக்காகப் பேசினார். எப்ஸ்டீன் பொறுப்பேற்கும் வரை, மேலாளர் என்ற பட்டம் இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

1967-இல் வெளியான ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தொகுப்பின் அட்டைப் படத்துக்காக, மோனாவின் தந்தை இந்தியாவில் பெற்ற பதக்கங்களை லெனன் இரவல் கேட்டு வாங்கினார். குழுவில் டிரம்ஸ் வாசித்த மோனாவின் மகன் பீட் பெஸ்ட் அதிலிருந்து நீக்கப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகவிருந்தன. ஆயினும் மோனா கொடுத்தார்.

கேள்வி (வாசகி, சென்னை): பீட்டில்ஸின் பழைய டிரம்ஸ் கலைஞர் நம் சென்னையில் பிறந்தவர் என்பது உண்மையா? அவர் ஏன் நீக்கப்பட்டார்?

பதில்: உண்மைதான். மோனாவின் மூத்த மகன் பீட் பெஸ்ட் 1941 நவம்பர் 24 அன்று, அன்றைய மதராஸில் பிறந்தவர். நான்கு வயதில் தாயோடு லிவர்பூல் சென்றார். 1960 ஆகஸ்டில் குழுவுக்கு ஹாம்பர்க் வாய்ப்பு வந்தபோது அவர்களிடம் நிலையான டிரம்ஸ் கலைஞர் இல்லை. புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள், அதாவது குழு மிகக் குறைந்த கூலிக்கு மிக அதிகமாக உழைத்த ஆண்டுகள் முழுவதும், டிரம்ஸ் அவருடையது.

1962 ஜூனில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் நடந்த முதல் ஒலிப்பதிவுக்குப் பிறகு, இசைத்தட்டுக்கு வேறொரு டிரம்ஸ் கலைஞரைப் பயன்படுத்தப் போவதாகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தெரிவித்தார். குழுவினரிடையே முன்பே இருந்த விலகலும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டீன் அவரை அழைத்து முடிவைச் சொன்னார்; மற்ற மூவரும் அந்த அறையில் இல்லை. அவருடைய திறமை போதாது என்பதே காரணமாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகள் ஒன்றாக வாசித்தவரிடம் நேரில் நின்று சொல்லாமல் விட்டதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. பீட் பின்னர் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிபுரிந்தார். 1995-இல் வெளியான ‘ஆந்தாலஜி’ தொகுப்பின் முதல் பகுதியில் அவர் வாசித்த பழைய பதிவுகள் இடம்பெற்றதால், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): லிவர்பூல் இளைஞர்களுக்கு ஜெர்மனியில் வாய்ப்பு வாங்கித் தந்தது யார்?

பதில்: ஆலன் வில்லியம்ஸ் என்பவர். லிவர்பூலின் ஸ்லேட்டர் தெருவில் ஜாகரண்டா என்ற காபிக் கடையை நடத்தியவர். அவர் பெயராவது ஓரளவு அறியப்பட்டது. அவரோடு இணைந்து செயல்பட்ட ஹரால்ட் ஃபிலிப்ஸ் என்பவரை நினைவில் வைத்திருப்போர் மிகக் குறைவு. டிரினிடாட் தீவைச் சேர்ந்த அவர் 1948-இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோரை ஏற்றிவந்த புகழ்பெற்ற எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து வந்தவர், கலிப்ஸோ பாடகர். வுட்பைன் என்ற சிகரெட்டின் பெயரைச் சேர்த்து அவரை லார்ட் வுட்பைன் என்று அழைத்தார்கள். ஜாகரண்டாவின் நிலவறையில் வாசித்துவந்த கரீபிய எஃகு மேளக் குழு ஒருநாள் ஹாம்பர்க்குக்குப் போய்விட்டது. அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வில்லியம்ஸும் வுட்பைனும் கிளம்பிப் போனார்கள். அங்கிருந்த இரவு விடுதி உரிமையாளர் ப்ரூனோ கோஷ்மைடருடன் அப்படி ஏற்பட்ட தொடர்பால்தான், முதலில் டெர்ரி அண்ட் தி சீனியர்ஸ் என்ற குழுவும், பிறகு பீட்டில்ஸும் அங்கு போயின.

1960 ஆகஸ்டில் ஒரு சிறிய ஆஸ்டின் வேனில் அத்தனை பேரும் கருவிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். வழியில் நெதர்லாந்தின் ஆர்னம் போர் நினைவிடத்தில் எடுத்த புகைப்படத்தில் வில்லியம்ஸும் வுட்பைனும் இளைஞர்களோடு அமர்ந்திருக்கிறார்கள். லெனன் வேனை விட்டு இறங்கவில்லை. ஆகஸ்ட் 17 அன்று இந்த்ரா என்ற விடுதியில் வாசிக்கத் தொடங்கினார்கள். ஓர் இரவில் நான்கு, ஐந்து மணி நேரம், வார இறுதியில் அதற்கும் மேல் மேடையில் நின்றாக வேண்டும். லிவர்பூலில் ஒரு மணி நேரத்துக்குப் போதுமான பாடல்களே கைவசம் இருந்த குழு, ஹாம்பர்க்கில் நூற்றுக்கணக்கான பாடல்களைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பயிற்சி இல்லையென்றால் பிந்தைய பீட்டில்ஸ் இல்லை. அதற்கு வழிகாட்டியது, வேலை தேடி இடம் மாறிய கரீபிய மேளக் கலைஞர்கள் என்பதை வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியும் வுட்பைனுக்குக் கிடைக்காமல் போனதற்கு அவருடைய நிறமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): ஹாம்பர்க்கிலிருந்து திரும்பியவர்களை லிவர்பூல் எப்போது கவனித்தது?

பதில்: 1960 டிசம்பர் 27 இரவு. இடம் லிதர்லண்ட் நகர மண்டபம். அந்த வாய்ப்பை வாங்கித் தந்தவர் பாப் வூலர் என்ற அறிவிப்பாளர். இவர் ரயில்வே எழுத்தர் வேலையை விட்டுவிட்டு, ஆலன் வில்லியம்ஸ் லிவர்பூலில் தொடங்கிய ஒரு புதிய அரங்கை நம்பி வந்தவர். அந்த அரங்கு திறந்த சில நாள்களிலேயே தீப்பற்றி எரிந்து போயிற்று. வேலையில்லாமல் இருந்த வூலர், தம்மைப் போலவே கதியற்று நின்ற பீட்டில்ஸை ஜாகரண்டாவில் சந்தித்து, நிகழ்ச்சி அமைப்பாளர் ஒருவரிடம் தொலைபேசியில் பேரம் பேசி ஆறு பவுனுக்கு அந்த இரவை முடித்துக் கொடுத்தார். விளம்பரத்தில் ‘நேராக ஹாம்பர்க்கிலிருந்து’ என்று போட்டிருந்ததால், வந்தவர்களில் சிலர் அவர்களை ஜெர்மானியர்கள் என்றே நினைத்தார்கள். திரை விலகும்போதே முதல் பாட்டைத் தொடங்கிவிடுங்கள் என்று வூலர் சொல்லிவைத்திருந்தார். மெக்கார்ட்னியின் குரல் எழுந்ததும், ஆடிக்கொண்டிருக்க வேண்டிய கூட்டம் மேடையை நோக்கி ஓடிவந்து நின்றுவிட்டது.

அன்று பேஸ் கிடார் வாசித்தவர் சாஸ் நியூபி. வழக்கமாக வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டதால், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நியூபியைச் சில நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்ததும் அவர் படிப்புக்குத் திரும்பினார். பின்னர் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். அதன் பிறகு பேஸ் கிடார் மெக்கார்ட்னியின் கைக்கு வந்தது. வூலர் கேவர்ன் அரங்கின் அறிவிப்பாளராகி, அங்கே பீட்டில்ஸ் வாசித்த ஏறத்தாழ முந்நூறு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். 1961 ஆகஸ்டில், லெனனின் ஓவியக் கல்லூரி நண்பர் பில் ஹாரி நடத்திய ‘மெர்சி பீட்’ என்ற உள்ளூர் இதழில், இந்தக் குழுவைப் போல் இன்னொன்று வராது என்ற பொருளில் கட்டுரையும் எழுதினார். எப்ஸ்டீன் அவர்களைப் பார்ப்பதற்கு இரண்டு மாதங்களுக்கும் முன்பே எழுதப்பட்டது அது.

கேள்வி (வாசகி, மதுரை): டெக்கா நிறுவனம் நிராகரித்த குழுவை இ.எம்.ஐ. ஏன் ஏற்றுக்கொண்டது?

பதில்: ஜார்ஜ் மார்ட்டின் கேட்டார், மகிழ்ந்தார், ஒப்பந்தம் செய்தார் என்று சொல்லப்படும் வரலாறு முழுமையானதல்ல. டெக்காவில் 1962 ஜனவரி 1 அன்று பதிவான ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு எப்ஸ்டீன் லண்டனில் அலைந்துகொண்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் உள்ள எச்.எம்.வி. கடையில், அந்த நாடாவை இசைத்தட்டாக வெட்டிக் கொடுத்த ஜிம் ஃபாய் என்ற தொழில்நுட்பப் பணியாளர், பாடல்கள் நன்றாக இருப்பதாகச் சொல்லி, மாடியில் இருந்த ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் என்ற பாடல் பதிப்பு நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றார். அதன் தலைவர் சிட் கோல்மனையும் அவருக்குக் கீழே பணிபுரிந்த கிம் பென்னட்டையும் கவர்ந்தவை லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய சொந்தப் பாடல்கள். அந்தப் பாடல்களின் உரிமை தங்களுக்கு வர வேண்டுமானால் முதலில் அவை இசைத்தட்டாக வெளிவர வேண்டும். அதற்காக அவர்கள் இ.எம்.ஐ. மேலிடத்தில் விடாமல் வற்புறுத்தியதே ஒப்பந்தத்துக்கு வழிவகுத்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அதாவது, மற்ற நிறுவனங்கள் குழுவின் வாசிப்பை எடைபோட்டபோது, இவர்கள் பாடலாசிரியர்களைக் கண்டுகொண்டார்கள். அதை ஜார்ஜ் மார்ட்டின் செய்த பணிக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

ஜூன் 6 அன்று ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தவர்களின் ஒலிபெருக்கிகள் பதிவுக்கே உதவாத நிலையில் இருந்தன. மெக்கார்ட்னியின் பேஸ் கிடாரிலிருந்து இரைச்சல்தான் வந்தது. பொறியாளர் நார்மன் ஸ்மித்தும் தொழில்நுட்பப் பணியாளர் கென் டவுன்செண்டும் எதிரொலி அறையில் இருந்த கனமான ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து பொருத்தி, பதிவைத் தொடர வைத்தார்கள். ‘லவ் மீ டூ’ பாடலைக் கேட்டவுடன், வேறிடத்தில் இருந்த மார்ட்டினை அழைத்து வரச் சொன்னவரும் நார்மன் ஸ்மித்தே. 1965-இன் இறுதி வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவுகளுக்கு அவர்தான் பொறியாளர். டவுன்செண்ட் 1966-இல், பாடகர் ஒரே வரியை இரண்டு முறை பாடாமலே குரல் இரட்டித்து ஒலிக்கும்படி ஒரு மின்னணு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்.

செப்டம்பர் 11 அன்று ‘லவ் மீ டூ’ மீண்டும் பதிவானபோது டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி வைட் என்ற கூலிக் கலைஞர். புதிதாகச் சேர்ந்திருந்த ரிங்கோ ஸ்டாரின் கையில் டாம்பூரின் கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதலில் விற்பனைக்கு வந்த தட்டில் ரிங்கோ வாசித்த பதிவு இருந்தது. ஆனால் 1964-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த தட்டில் ஒலிப்பது ஆண்டி வைட்டின் வாசிப்பு. அன்றைய நாளுக்கான கூலிக்கு மேல் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை.

கேள்வி (வாசகர், சேலம்): குழுவின் வேன் ஓட்டுநர் பின்னாளில் நிறுவனத் தலைவரானார் என்கிறார்களே?

பதில்: நீல் ஆஸ்பினால். பீட் பெஸ்டின் நண்பர். மோனாவின் வீட்டில் வாடகைக்குத் தங்கியபடி கணக்காளர் படிப்பில் இருந்தவர். பழைய வேன் ஒன்றை வாங்கித் தலைக்கு ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு குழுவை ஏற்றிச் சென்றார். பீட் நீக்கப்பட்ட அன்று அவரும் விலக நினைத்தார். குழு பெரிய நிலைக்கு வரும், நீ இருந்துகொள் என்று பீட்டே அவரைத் தடுத்தார். 2007 வரை பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தை நடத்தியவர் அவர்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): அவர்களுக்கும் நம் ஊரைப் போல் ரசிகர் மன்றம் இருந்ததா?

பதில்: இருந்தது. அதன் செயலாளர் ஃப்ரீடா கெல்லி. மதிய உணவு வேளையில் கேவர்னுக்குப் போய்க் கச்சேரி கேட்டுவந்த பதினேழு வயதுத் தட்டச்சரை எப்ஸ்டீன் 1962-இல் தம் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். மன்றத்தின் முகவரியாக ஃப்ரீடா தம் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டதால், குழு புகழ் பெற்றபோது கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து, தமக்கு வரும் ரசீதுகளைக்கூடத் தேடி எடுக்க முடியவில்லை என்று அவருடைய தந்தை சலித்துக்கொண்டார். ஒரு பெண் தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ அதில் படுத்துறங்கிய பிறகு திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். ஃப்ரீடா அதை ரிங்கோவின் தாயாரிடம் கொடுத்து, மகன் அதில் தலைவைத்துத் தூங்குமாறு பார்த்துக்கொண்டு, பிறகே அனுப்பிவைத்தார். பீட்டில்ஸின் முடி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு வேறு யாருடைய முடியையோ அனுப்பிய உதவியாளரை வேலையை விட்டே நீக்கினார். ரசிகர்களை ஏமாற்றக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. மன்றம் மூடப்பட்டபின் தம்மிடம் இருந்த நினைவுப் பொருள்களில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டு வேறு அலுவலகங்களில் செயலாளராகப் பணிபுரிந்தார். பல பத்தாண்டுகள் அவர் இதைப் பற்றிப் பொதுவெளியில் பேசியதே இல்லை.

கேள்வி (வாசகர், கோலாலம்பூர்): அமெரிக்காவை அவர்கள் வென்றது ஒரு பள்ளி மாணவி எழுதிய கடிதத்தால் என்று கேள்விப்பட்டேன். இது மிகையா?

பதில்: கடிதம் உண்மை, ‘கடிதத்தால் மட்டும்’ என்றால்தான் மிகை. இ.எம்.ஐ.க்குச் சொந்தமான அமெரிக்க நிறுவனம் கேபிடல் ரெக்கார்ட்ஸ். பீட்டில்ஸின் முந்தைய தட்டுகளை அமெரிக்காவில் விலை போகாது என்று ஒதுக்கிவந்த அந்நிறுவனம், எப்ஸ்டீனின் முயற்சிக்குப் பிறகு, ‘ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ என்ற பாடலை 1964 ஜனவரி நடுவில் வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. 1963 டிசம்பர் 10 அன்று தொலைக்காட்சிச் செய்தியில் பீட்டில்ஸைப் பார்த்த பதினைந்து வயது மார்ஷா ஆல்பர்ட், இந்த இசை ஏன் இங்கே கிடைப்பதில்லை என்று வாஷிங்டனின் டபிள்யூ.டபிள்யூ.டி.சி. வானொலிக்கு எழுதினார். அறிவிப்பாளர் கரோல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து தட்டை வரவழைத்து, டிசம்பர் 17 அன்று மார்ஷாவையே நிலையத்துக்கு அழைத்து, அவர் குரலிலேயே அறிவிக்கச் செய்து ஒலிபரப்பினார். தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை. மற்ற நகரங்களின் வானொலிகளும் பாடலை ஒலிபரப்பத் தொடங்கின.

முதலில் தடுக்க முயன்ற கேபிடல், பின்னர் வெளியீட்டை டிசம்பர் 26-க்கு முன்தள்ளியது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்கள் வீட்டில் இருந்து வானொலி கேட்கும் நாள்கள் அவை. பரிசுப் பணமும் கையில் இருந்தது. பள்ளிகள் திறந்தபின் ஜனவரி நடுவில் வந்திருந்தால், பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கில் விமானம் இறங்குவதற்குள் அந்தப் பாடல் நாட்டின் முதலிடத்தை எட்டியிருக்குமா என்பது சந்தேகமே. நடந்ததோ வேறு. முதலிடத்துச் செய்தி முன்னதாகவே அவர்களுக்கு எட்டிவிட்டது. பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 7 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 11-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த முதல் அமெரிக்கக் கச்சேரியின்போது அவர்களைப் பேட்டி கண்டவர்களில் கரோல் ஜேம்ஸும் ஒருவர்.